ஒரு படிக்குப் பத்து நிமிஷம்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமா? அவளுக்கு இது ஆறாம் மாதம். கனமான எதையும் தூக்க விடாதே.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். சிம்மைக் கத்தரிக்கோலால் நாலு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். உன் கம்பெனி சிம்தான். நீ அங்கே வேலை பார்க்கிறாய் என்பதற்காக நான் அவர்களுக்குக் கோயில் கட்ட முடியாது.

மைனாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பல் செட் செய்யும் அந்த லேபில் இரண்டு வருஷம் ஒரு குறை சொல்ல விடாமல் வேலை பார்த்தவள். போன மாதம் அடுப்பில் சூடு கூடி நாற்பது பல் அச்சு உருகிப் போயிற்று. எச்சரிக்கை மணி அடித்தும் கேட்காத பிள்ளை இவள்தானே, இவள்தான் சூட்டுத் திருகை மாற்றியிருப்பாள் என்றார்கள். மாற்றியது சூப்பர்வைசரின் மச்சான். மைனா கண்ணால் பார்த்திருக்கிறாள்.

விசாரணை என்று முந்தின நாள்தான் சொன்னார்கள். ஒரு நாள் பயணத்தை நான் பறந்தா போக முடியும்? அவள் அங்கே கையால் சொல்ல, நான் என் சலவைக் கடையில் உட்கார்ந்து போன் வீடியோவில் சத்தத்தை அணைத்துப் படம் மட்டும் பார்த்து, பக்கத்துக் கடைப் போனில் வாயால் எடுத்துச் சொல்வது என்று ஏற்பாடு. பதினோராம் நிமிஷம் படம் நின்றுவிட்டது. பக்கத்துக் கடைப் போனில் சத்தம் வருகிறது, என் போனில் படம் வரவில்லை. மைனாவின் கை பாதியில் அப்படியே நிற்கிறது. கீழே ஒரு வரி: "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, நியாயமான பயன்பாட்டு அளவைத் தாண்டிவிட்டதால் தங்கள் வேகம் குறைக்கப்பட்டுள்ளது." நியாயமாம். மறுபடி படம் வருவதற்குள் அங்கே முடிவு எழுதிவிட்டார்கள்.

மூன்று மாதமாகவே இதுதான் கதை. எல்லையில்லாமல் பேசலாம் என்று விளம்பரம் போடுகிறார்கள். வாயால் பேசுகிறவனுக்கு எல்லை இல்லை, கையால் பேசுகிற என் பிள்ளைக்குப் பத்து நிமிஷம். புகார் நம்பருக்கு அடித்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று என் நகம்தான் தேய்கிறது.

நீ உள்ளே இருக்கிறவன். இந்த விதியை எழுதியது யார் என்று கண்டுபிடித்துச் சொல். எனக்கு ஒரு பெயர் வேண்டும். கம்பெனிக்குக் கழுத்து கிடையாது, ஆளுக்கு உண்டு.

உன் அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மைனா எப்படி இருக்கிறாள்? நான் கேட்டதாகச் சொல்.

கடிதம் படித்து மனசு சரியில்லை. ஆனால் ஒன்று, இந்த மாதிரி விதிகளை ஒரு ஆள் உட்கார்ந்து எழுதுவதில்லை. கமிட்டி போடுவார்கள், பத்துப் பேர் கையெழுத்துப் போடுவார்கள். யாரென்று குறிப்பாகச் சொல்ல முடியாது. புகார்ப் பகுதி எங்கள் மாடியிலும் இல்லை. டிசம்பரில் எனக்குப் பதவி உயர்வு வந்ததிலிருந்து ஜன்னல் வைத்த அறை, வேலையும் அதற்கேற்ற மாதிரி கழுத்தை நெரிக்கிறது.

இத்துடன் புது சிம் ஒன்று வைத்திருக்கிறேன். உயர்ந்த திட்டம், என் பெயரில். மாதா மாதம் நான் பார்த்துக்கொள்கிறேன். மைனாவுக்கு வேறு நல்ல இடத்தில் வேலை கிடைக்காமலா போகும்? கோபத்தை விடு.

அன்புடன்
தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே யாவரும் நலம், நீ அனுப்பிய சிம்மைத் தவிர. துண்டுகளை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், எண்ணிப் பார்த்துக்கொள்.

கமிட்டி என்றாய். ஊர் கூடி அடித்தாலும் முதல் கல்லை எறிந்தவன் ஒருவன் இருப்பான். அவன் பெயரைத்தான் கேட்டேன்.

நீ தேடுகிற வரைக்கும் நான் சும்மா இருப்பேனா? உன் கம்பெனி டவர் எங்கள் கட்டட மொட்டைமாடியில் நிற்கிறது. குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் நான். மாடிச் சாவி என் இடுப்பில். செயலாளர் அனுமதியோடுதான் ஏற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. புதன்கிழமை இரண்டு மெக்கானிக்குகள் பேட்டரி மாற்ற வந்தார்கள். மாடிப்படி முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன்: "மதிப்பிற்குரிய விருந்தினரே, இம்மாதத்துக்கான தங்கள் படியேறும் அளவு முடிந்துவிட்டது. இனி ஒரு படிக்குப் பத்து நிமிஷம் என்ற வேகத்தில் தாங்கள் அனுமதிக்கப்படுவீர்கள்."

மொத்தம் அறுபத்தெட்டுப் படி. பெரியவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா, நாங்க கூலிக்கு வேலை செய்யறவங்க. எங்க மேல என்ன கோபம்?" என்றார்.

"உங்க மேல கோபம் இல்லைங்க. மேலே யார்கிட்டயாவது பேசணும்னா ஒன்றை அழுத்துங்க" என்று தூண் ஓரத்து சுவிட்சைக் காட்டினேன். அது எரியாத பல்புக்கு உள்ள சுவிட்ச்.

சாயங்காலத்துக்குள் முதல் மாடியைக்கூடத் தாண்டாமல் இறங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் சீருடை என் கடைக்குத்தான் சலவைக்கு வருகிறது. காலருக்கு இரண்டு மடங்கு கஞ்சி போட்டேன். பாவம்தான், ஆனால் கை கேட்கவில்லை.

மைனா யாரோடும் பேசாமல் துணிகளுக்கு நம்பர் சீட்டுக் குத்திக்கொண்டிருக்கிறாள். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் போடத் தாமதம், வேலை அப்படி. மைனா எப்படி இருக்கிறாள்?

நீ செய்வது விளையாட்டில்லை. இங்கே கூட்டத்தில் உன் கட்டடத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அது என் அக்கா என்று நான் வாய் திறக்கவில்லை. பேட்டரி தீர்ந்தால் தெருவே உன்மேல் பாயும். பழி வாங்கி யார் வாழ்ந்தார்கள்?

விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. சில கடைக்காரர்கள் போனைச் சுவரில் மாட்டி நாள் முழுக்கக் காவல் கேமராவாக ஓடவிடுகிறார்கள். அதனால் மற்றவர்களுக்கு வேகம் போய்விடுகிறது. சத்தமே போகாமல் படம் மட்டும் தொடர்ந்து போகிற இணைப்பு என்றால் அது கேமராதான் என்று நினைத்து, பத்து நிமிஷத்துக்கு மேல் போனால் வேகத்தைக் குறைக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் செய்தது இல்லை. அதை நீ புரிந்துகொள்ள வேண்டும்.

கதவைத் திறந்துவிடு அக்கா.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என் பிள்ளையைச் சுவரில் மாட்டின கேமரா என்று நினைத்திருக்கிறார்கள். அவள் சிரித்ததும் அழுததும் ஹாஸ்டல் சண்டையைக் கையால் நடித்துக் காட்டியதும் எல்லாம் ஒருத்தன் கணக்கில் காவல் கேமரா. சத்தம் வராவிட்டால் அங்கே மனுஷர் இல்லை என்று முடிவு கட்ட எவ்வளவு படிக்க வேண்டும் தம்பி?

கெட்ட எண்ணம் இல்லை என்கிறாய். எண்ணம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிகிறது என்றால் எண்ணியவனையும் தெரியும். மறைக்காதே. சிநேகிதனா? மேலதிகாரியா? யாராக இருந்தாலும் அவன் வேலை போக வேண்டும். அவன் பெண்டாட்டி முன்னால், அவன் தெருவில், அவன் தலை குனிய வேண்டும். மைனா பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கியதை நான் பார்த்த மாதிரி அவனைப் பெற்றவர்களும் பார்க்க வேண்டும். நமக்குத்தான் அப்பா அம்மா இல்லை, அவனுக்காவது இருப்பார்கள்.

பேட்டரி தீர்ந்துவிட்டது. மூன்று நாளாகத் தெருவில் சிக்னல் கிடையாது. நீ சொன்ன மாதிரி எல்லோரும் என் கடை வாசலுக்குத் திட்ட வந்தார்கள். உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். போனில் டியூஷன் எடுக்கிற மூன்றாம் மாடி டீச்சர், பாடம் நடுவில் தன் முகம் கோணலாக நின்றுபோய் பிள்ளைகள் சிரித்ததைச் சொன்னாள். முடிவெட்டும் கடைக்காரர் மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே நெட் படுத்துவிடுகிறது என்றார். திட்ட வந்தவர்கள் ஆளுக்கு ஒரு புகாரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஐம்பத்திரண்டு தாள் சேர்ந்திருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். உன்னிடமிருந்து பதில் வரவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். வீட்டுக்காரிக்குக் கால் வீக்கம் இருக்கிறதா? தலையணை வைத்துக் காலைத் தூக்கிப் படுக்கச் சொல்.

மார்ச் 30 அன்று உன் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுஷர், வியர்த்து வழிந்தது, தண்ணீர் கொடுத்தேன். மூன்றாம் மாடியில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்து டாக்டருக்குச் சொல்ல முடியாமல் போனதால், அதிகாரி கேட்காமலே கதவைத் திறந்துவிட்டேன். பேட்டரி மாற்றியாயிற்று. ஆனால் மொட்டைமாடி ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க என் கையெழுத்து வேண்டும். அதற்கு என்ன விலை என்று பிறகு சொல்கிறேன் என்றேன்.

பேசிக்கொண்டிருக்கும்போது கம்பெனி மாதப் பத்திரிகை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வழவழப்பான தாள், அழகழகான படங்கள். நீ ஏன் எனக்கு இதை ஒருநாளும் அனுப்பியதில்லை?

இனி நீ யாரையும் விசாரிக்க வேண்டாம். அவனே ஒருநாள் வாய் திறப்பான் என்று இருக்கிறேன். ஒன்றுதான் யோசிக்கிறேன். அவன் வீட்டில் காது கேட்காதவர் ஒருவர் இருந்திருந்தால் இப்படி எழுதியிருப்பானா? உனக்கு என்ன தோன்றுகிறது? பதில் போடு.

பாசத்துடன்
அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ஆறு முறை எழுதிக் கிழித்தேன். உன் தம்பி பெண்டாட்டி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கு இது தபாலில் போகாவிட்டால் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனால் திரும்பி வர மாட்டேன் என்கிறாள்.

அந்த ஆள் நான்தான்.

போன செப்டம்பரில் எனக்குக் கொடுத்த வேலை அது. திரையில் கோடு கோடாக வரும் அக்கா, ஆள் முகம் தெரியாது. பதினோராயிரம் இணைப்புகளில் படம் மட்டும் போகிறது, சத்தம் இல்லை. கேமரா என்று நான்தான் சொன்னேன். நான்தான் பத்து நிமிஷம் என்று வைத்தேன். கூட்டத்தில் எட்டுப் பேர் இருந்தோம். பேச முடியாதவர்களும் இருப்பார்களே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். எனக்குத் தோன்றவே இல்லை. மைனாவை நினைக்கவே இல்லை. அதற்குத்தான் கேடயம் கொடுத்தார்கள், பதவி உயர்வும் கொடுத்தார்கள்.

உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பயத்தில் பொய் சொன்னேன்.

மைனாவிடம் சொல்லிவிடாதே. அவள் எப்படி இருக்கிறாள்?

தம்பி


மே 3

தெரியும்.

அந்தப் பத்திரிகையில் ஏழாம் பக்கம் உன் படம். கையில் கேடயம், உடம்பில் நான் வெளுத்துத் தேய்த்து அனுப்பிய நீலச் சட்டை. கீழே உன் சாதனையை விளக்கி நாலு வரி. "நம்ம கம்பெனியிலேயே கூர்மையான மூளைங்க இவருக்கு" என்று அந்த அதிகாரி பெருமையாகச் சொன்னார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து உன் கடிதம் வந்த நாள் வரைக்கும் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிடுவான், என் தம்பிதானே என்று நினைத்தேன். கடைசியில் அதைக்கூட உன் பெண்டாட்டி பிடரியில் கை வைத்துத் தள்ளித்தான் சொல்லியிருக்கிறாய்.

உன்னைத் தூக்கி வளர்த்த கை இது. இதே கையால் உன்னை அடிக்க வேண்டும் போல இருக்கிறது. தூரம் உன்னைக் காப்பாற்றியது.

இப்போது கேள். கம்பெனித் தாளில், கம்பெனி முத்திரையோடு, லேபுக்கு ஒரு கடிதம் எழுது. இன்ன தேதி, இன்ன நேரத்தில் இந்த இணைப்பை நாங்கள்தான் குறைத்தோம், அந்தப் பெண் சொன்னது அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை, விதியை எழுதியவன் நான் என்று உன் பெயரோடு எழுது. உன் வேலை போகும். போகட்டும். குழந்தை பிறக்கப் போகிறதே என்று சொல்லாதே. நானும் ஒரு குழந்தை பெற்றவள்தான்.

கடிதம் போகாவிட்டால் ஏழாம் பக்கத்தையும் உன் கடிதங்களையும் ஐம்பத்திரண்டு தாளோடு சேர்த்து எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்புவேன். என்னைத் தெரியும் உனக்கு.


மே 22

அக்காவுக்கு,

நீ கேட்டபடி கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் லேபுக்கு அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன். முத்திரையை யாரையும் கேட்காமல் எடுத்துக் குத்தினேன். மூன்றாம் நாளே கூப்பிட்டு, நீயாகப் போகிறாயா நாங்கள் அனுப்பவா என்றார்கள். நானாக வந்துவிட்டேன். விதியைப் பற்றிக் கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறதாம்.

பன்னிரண்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் காது சோதித்தார்கள். நன்றாகக் கேட்கிறது என்றார் டாக்டர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உடனே வெட்கமாகவும் இருந்தது. அத்தை நீ வந்து பார்க்க மாட்டாய் என்று தெரியும்.

இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. நான் அங்கே வந்து ஒரு மாதம் தங்கி மைனாவிடம் அந்தக் கைப்பேச்சைக் கற்றுக்கொள்ளட்டுமா? அவளிடம் கேட்டுச் சொல். அவள் எப்படி இருக்கிறாள்?

தம்பி


ஜூன் 18

தம்பிக்கு அக்கா எழுதுவது. நலம். குழந்தைக்குப் பருத்தித் துணி பன்னிரண்டு வெளுத்து அனுப்பியிருக்கிறேன். அது குழந்தைக்கு, உனக்கல்ல.

மறு விசாரணை நடந்தது. உன் கடிதத்தை அங்கே வாசித்தார்கள். சூப்பர்வைசரின் மச்சான் உளறிக் கொட்டிவிட்டான். மைனாவுக்கு அதே வேலை, அதே மேஜை. திங்கட்கிழமை கிளம்புகிறாள். இங்கே ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. உன் பழைய கம்பெனி டவரைக் கழற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. வேகமாகவே இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேறு கம்பெனி வருகிறது. அவர்கள் யோக்கியர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

நினைத்தது எல்லாம் நடந்தது. உன் வேலையும் போயிற்று. எனக்குச் சாப்பாடு இறங்க வேண்டும், இறங்கவில்லை.

உன்னிடம் மறைக்காதே என்றேன். நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். முதல் விசாரணையில் படம் நின்றபோது மைனாவின் விரல் அவள் நெஞ்சில் இருந்தது. சூட்டை மாற்றியது யார் என்று அதிகாரி கேட்கிறார். என்ன சொல்றா, என்ன சொல்றா என்று அவசரப்படுத்துகிறார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். படம் நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். "'நான்'னு சொல்றா" என்றேன். 'நான் பார்த்தேன்' என்று சொல்ல வந்திருக்கிறாள். நான் பாதியை மட்டும் சொன்னேன், அதை அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கு ராத்திரியே சிம்மை வெட்டினேன். பிறகு ஒரு ஆளைத் தேட ஆரம்பித்தேன்.

இந்தத் தடவை எடுத்துச் சொல்ல அம்மா வேண்டாம் என்று மைனா சொல்லிவிட்டாள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

கடிதங்களை எல்லாம் அவளாகவே அலமாரியிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறாள். உனக்குத் தனியாக எழுதுகிறாளாம். என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை.

அக்கா


ஜூன் 20

மாமாவுக்கு மைனா எழுதுவது.

நான் நலம். தங்கச்சிப் பாப்பா நலமா? மாமி நலமா?

உங்கள் கடிதத்தால் வேலை திரும்பக் கிடைத்தது. அதற்கு நன்றி சொல்ல மாட்டேன். மாமிக்குச் சொல்கிறேன். அவர் எதிரில் உட்கார்ந்திருக்காவிட்டால் நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள்.

நான் எழுதும் தமிழில் பிழை இருக்கும். அம்மாவுக்கு அதில் வெட்கம். முதல் விசாரணைக்கு நான் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். யார் திருகினான், எத்தனை மணிக்கு, நான் எங்கே நின்று பார்த்தேன் எல்லாம் எழுதியிருந்தேன். முந்தின நாள் வீடியோவில் அம்மாவிடம் காட்டினேன். இதைக் கொடுத்தால் சிரிப்பார்கள், பையில் வை, நான் பேசிக்கொள்கிறேன் என்றாள். படம் நின்ற பிறகு அதை எடுத்து நீட்டினேன். அதிகாரி வாங்கவில்லை. உங்கம்மாவே சொல்லிவிட்டார் என்று எழுதிக் காட்டினார். மறு விசாரணையில் அதே நாலு பக்கத்தைத்தான் கொடுத்தேன். சிலர் சிரித்தார்கள். படித்தும் பார்த்தார்கள்.

அம்மா உங்களைப் பழி வாங்கிவிட்டாள். அம்மாவை நான் வாங்க வேண்டியதில்லை, அவளே வாங்கிக்கொள்கிறாள். உங்களுக்கு என் பங்கு பாக்கி இருக்கிறது.

நீங்கள் இங்கே வர வேண்டாம். நான் கற்றுத்தர மாட்டேன். உங்கள் ஊரிலேயே என்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். பதினோராயிரம் கோட்டில் சில கோடு அவர்கள். தேடிப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் நாலையும் படித்தேன். நாலிலும் மைனா எப்படி இருக்கிறாள் என்று அம்மாவைக் கேட்கிறீர்கள். அம்மா ஒரு தடவைகூட என்னிடம் வந்து கேட்கவில்லை. நீங்களும் எனக்கென்று ஒரு வரி எழுதவில்லை. இதே வீட்டில்தான் இருந்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் மாமா.

கேட்க வேண்டுமென்றால் என் பெயருக்கு எழுதிக் கேளுங்கள். லேபின் விலாசம் உங்களிடம் இருக்கிறது. நான் பதில் போடுவேனா, எத்தனை நாள் கழித்துப் போடுவேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். நீங்கள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

மைனா